செம்போத்தின் படம்

சென்ற வாரம் நம் ஆசிரியரிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. "தினம் காலையில் காமிராவும் கையுமாக அலைகிறீரே, இந்தத் தடவை உமது பகுதிக்குப் படம் ஒன்று போடலாம் என்றிருக்கிறோம். செம்போத்துப் படம் ஒன்று உம்மிடம் அபாரமாக இருக்கிறதென்று கேள்வி. அதையே கொடுத்தனுப்பும்" என்று எழுதியிருந்தார்.

படம் அபாரமாக இருப்பது வாஸ்தவந்தான். மூன்று வருஷம் வெயிலில் அலைந்து நான் எடுத்த படங்களில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை அனுப்புவதற்கில்லை என்று பதில் எழுதிவிட்டேன். ஆசிரியருக்குச் சற்று மனத்தாங்கல். காரணத்தை அவருக்கு மட்டும் தனியாகச் சொல்வதைவிட நேயர்களுக்கே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

கதை 2019-ம் வருஷத்தில், ஒரு வைத்தியருடைய அறையில் ஆரம்பமாகிறது. இரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டிவிட்டதென்றும், தினம் முக்கால் மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். காரியம் எதுவுமின்றி நடப்பதைப் போல் அலுப்பூட்டும் தொழில் பூவுலகில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். வேளச்சேரியில் எங்கள் வீதியில் புறப்பட்டு, முனையிலுள்ள காலி மனையைத் தாண்டி, ஏரிக்கரை வரையில் சென்று, டீக் கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் வீடு திரும்ப வேண்டும். காக்கை, நாய், குப்பை வண்டி இவற்றைத் தவிர அந்த வழியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஒரு மாத காலம் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் என் பெண். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்தவள் ஏரிக்கரையில் நின்று, "அப்பா, அந்தப் பழுப்புக் கொக்கு பறக்கும்போது மட்டும் எப்படி வெள்ளையாகிவிடுகிறது?" என்று கேட்டாள். கரையோரம் சேற்று நிறத்தில் சேறாகவே உட்கார்ந்திருந்த ஒன்று, எங்கள் காலடிச் சத்தத்தில் எழும்பி, பளீரென்று வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு அக்கரைக்குப் போயிற்று. முப்பது வருஷமாகத் தினம் இரண்டு பத்திரிகை படிக்கிறவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாம் கொக்குதான்" என்று சொல்லி வைத்தேன். குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதன் பெயர் மடையான் என்பதும், குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள் என்பதும், முதுகும் மார்பும் பழுப்பாக இருக்க சிறகு மட்டும் வெள்ளை என்பதும், இனப்பெருக்கக் காலத்தில் அதே முதுகு கருஞ்சிவப்பாகிவிடும் என்பதும் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்று கீரைக்கூடையோடு கரைமேல் வந்துகொண்டிருந்த அம்மாளைக் கேட்டிருந்தால் பெயரையாவது உடனே சொல்லியிருப்பாள். நமக்குக் கேட்கத் தோன்றாது. படித்தவர்கள் அல்லவா?

காமிரா வந்தது அந்தப் பார்வையின் பலனாகத்தான். தூரத்திலுள்ளதைக் கிட்டத்தில் காட்டும் நீண்ட கண்ணாடிக் குழல் பொருத்தியது. விலையை இங்கே சொல்ல மாட்டேன். வீட்டில் சொன்னதற்கே போதுமான பலன் கிடைத்தது. "சர்க்கரைக்கு மாத்திரை வாங்கி வரச் சொன்னால் பீரங்கி வாங்கி வந்திருக்கிறீர்களே!" என்றாள் என் சகதர்மிணி. ஆனால் அன்று முதல் முக்கால் மணி நடை ஒன்றேகால் மணி ஆயிற்று என்பதை அவளும் ஒப்புக்கொள்வாள்.

காமிராவினால் உண்டாகும் முதல் நன்மை, படம் அல்ல. கண் நின்று பார்க்கப் பழகுகிறது, அதுதான். காலி மனையில் எருக்கஞ்செடிகள் மண்டிக் கிடந்தன. ஆயிரம் தடவை அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். காமிராவுடன் போன பிறகுதான், இலையின் அடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று தின்றுகொண்டிருப்பது தெரிந்தது. ஆடு கூட வாய் வைக்கத் தயங்கும் எருக்கம் பாலை அது சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாலிலுள்ள விஷத்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியாகப் பறக்கிறது. வெந்தய வரியன் என்பது அதற்குத் தமிழ்ப் பெயர். விஷமுள்ளது என்று பறவைகளுக்குத் தெரியுமாதலால் அது அவசரமே படாமல், மாப்பிள்ளை ஊர்வலம் போல் மெதுவாகப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை. விஷம் சிறிதும் இல்லாத வேறொரு வகைப் பட்டாம்பூச்சி உண்டு. அதன் ஆண் கறுப்பு. சிறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகள். பெண்ணோ ஆணுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் அப்படியே வெந்தய வரியனைப் போல வேஷம் போட்டுக்கொண்டு, அதே ஒய்யாரத்துடன் பறக்கும். பறவைகள் ஏமாறுகின்றன, நான் எட்டு மாதம் ஏமாந்தேன். ஒரு நாள் இரவு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒன்றின் பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகளும், இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளியும் இருப்பதைக் கண்டுபிடித்தவள் என் பெண். அந்த ஒற்றைப் புள்ளிக்காரியின் குழந்தைகள் எருக்கைத் தொடுவதே இல்லை. மனையின் ஓரத்தில் தரையோடு படர்ந்திருந்த பருப்புக்கீரைதான் அவற்றுக்குச் சாப்பாடு. இத்தனை நாடகமும் நாலு கிரவுண்டு மனையில் நடந்துகொண்டிருக்க, பூநாரைக்காகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய் வரிசையில் நின்ற நாட்களை எண்ணி வெட்கப்பட்டேன். (பூநாரையும் பார்க்க வேண்டியதுதான். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. ஆனால் அங்கே போவது யாத்திரை. நம் வீதியில் போவது தினப்படி பூஜை.)

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் ஆதி குரு என்று சொல்லத்தக்கவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912-ல் பிறந்து மயிலாப்பூரில் வளர்ந்தவர். பல இடங்களிலிருந்து சேகரித்த பாகங்களைத் தாமே பொருத்திக்கொண்ட ஒரு கனமான காமிராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் யானைகளுக்கு முன்னால் நின்றவர். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். 1950-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஆரம்பித்த இயற்கைப் பகுதியை 1996-ல் தாம் காலமாகும் வரையில் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வருஷம்! வாரப் பகுதி எழுதுகிறவர்கள் அந்த எண்ணை ஒரு முறை மனத்தில் வாங்கிப் பார்க்க வேண்டும். புலியையும் யானையையும் பற்றி எழுதிய அதே மரியாதையோடு அணிலையும் காக்கையையும் பற்றித் தமிழிலும் எழுதினார்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தேசத்துப் பறவைகள் பல, பழைய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் பெயரைச் சுமந்துகொண்டு பறக்கின்றன. இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சென்னை ராஜதானியில் இராணுவ வைத்தியராக இருந்த ஜெர்டான் என்பவர், 1862 முதல் 1864 வரையில் வெளியிட்ட தமது பறவை நூலில், அவ்வவ்வூர் ஜனங்கள் வழங்கிய பெயர்களையும் கேட்டு எழுதி வைத்தார் என்பதை மறைக்கக் கூடாது. அவர் கேட்டார். நாம் கேட்பதில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், ஐம்பது வருஷமாக இவ்வூரில் இருப்பவர், பறப்பதெல்லாம் அவருக்குக் 'குருவி'. உருவம் பெரிதாயிருந்தால் 'பெரிய குருவி'.

இனிச் செம்போத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இதைச் செண்பகம் என்பார்கள். காக்கையை விடச் சற்றுப் பெரிதாக, உடல் பளபளவென்று கறுத்து, சிறகு செங்கல் நிறத்தில், கண் இரத்தச் சிவப்பாக இருக்கும். குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பிறர் கூட்டில் முட்டையிடும் வழக்கத்தை விட்டுவிட்டுத் தானே கூடு கட்டித் தானே குஞ்சு வளர்க்கும் கௌரவஸ்தன். பறப்பதில் அவ்வளவு சமர்த்துப் போதாது. புதருக்குள் நடந்து நடந்தே புழு, நத்தை, ஓணான் என்று கிடைத்ததைத் தின்னும். விடியற்காலையில் காலி மனையிலிருந்து 'ஊப், ஊப், ஊப்' என்று பானைக்குள்ளிருந்து கூப்பிடுவது போன்ற அதன் குரல் வரும். கண்டால் நல்ல சகுனம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த நல்ல சகுனம் எனக்கு வாலை மட்டுமே காட்டிவிட்டு முட்புதருக்குள் புகுந்துகொள்ளும். 2021-ம் வருஷம் முழுவதும் எனக்குக் கிடைத்தவை பதினேழு வால் படங்கள்.

2022 பங்குனியில் எங்கள் வீட்டு முன்புறச் செம்பருத்திச் செடியில் ஒரு ஜோடிக் கொண்டைக்குருவி கூடு கட்டிற்று. சின்னான் என்று சொல்வார்களே, தலையில் சிறு குடுமியும் வாலடியில் சிவப்புமாக இருக்கும், அதுதான். இடுப்பளவு உயரத்தில், சாயாக் கோப்பை போன்ற ஒரு கூடு. அதில் இளஞ்சிவப்பில் சாந்துப் பொட்டுகள் தெளித்தாற்போல் மூன்று முட்டைகள். இரண்டு வாரத்தில் குஞ்சு பொரித்தது. வீடு முழுவதும் கால் நுனியில் நடந்தது. பால்காரருக்குக் கூட வேறு வழி சொல்லப்பட்டது.

நான் மட்டும் சும்மா இருக்கவில்லை. கூட்டை மறைத்து இரண்டு கிளைகள் இலையும் பூவுமாக நின்றன. குஞ்சுகள் வாயைத் திறக்கும்போது உள்ளே சிவப்பாகத் தெரியும் அல்லவா, அதில் வெளிச்சம் விழவில்லை. ஆகவே தாய்ப் பறவை இரை தேடப் போயிருந்த சமயம், அந்த இரண்டு கிளைகளையும் வளைத்துச் சணல் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டினேன். "வெயில் படுமே, அப்பா" என்றாள் பெண். "ஐந்து நிமிஷம்தான், அம்மா" என்றேன். நல்ல வெளிச்சம் விழுந்தது. இருபது படங்கள் எடுத்தேன். தாயும் தகப்பனும் மதிலின்மேல் உட்கார்ந்து, கூட்டுக்கு வராமல், இடைவிடாமல் கத்தின. அந்தக் கத்தலை நான் கேட்டேன். ஆனால் அது என்னை நோக்கிச் சொல்லப்படுகிற ஒரு விஷயம் என்று அப்போது எனக்குப் படவில்லை.

மறுநாள் காலையிலும் வெளிச்சம் வேண்டியிருந்தது. அதனால் கயிற்றை அவிழ்க்கவில்லை. பெண்ணிடம் ஐந்து நிமிஷம் என்று சொன்னது மறந்துவிட்டது.

விடிந்ததும் காமிராவை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். மதிலின்மேல், பத்தடி தூரத்தில், முழு வெளிச்சத்தில், செம்போத்து! ஒரு வருஷமாக வாலை மட்டும் காட்டியது இப்போது நெஞ்சை நிமிர்த்தி நின்றது. சூரியன் அதன் சிறகில் பட்டுத் தாமிரம் போல் மின்னிற்று. சிவப்புக் கண் என்னை நேராகப் பார்த்தது. என் கை நடுங்கிற்று. எட்டுப் படங்கள். பிறகு அது மெதுவாக இறங்கி, தெருவைக் கடந்து, மனைக்குள் போயிற்று. நான் வீட்டுக்குள் ஓடி எல்லோரையும் கூப்பிட்டேன்.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாகப் போட்டேன். ஒவ்வொரு இறகும் தனித்தனியே தெரிந்தது. அலகில் ஏதோ புழு இருப்பதாக நினைத்திருந்தேன். "பெரிதாக்குங்கள்" என்றாள் பெண். ஆக்கினேன். இறகு முளைக்காத சிறு கால் ஒன்று, விரல்களை மடக்கிக்கொண்டு, அலகின் ஓரத்தில் தொங்கியது.

அறையில் யாரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அவள், "கயிற்றை அவிழ்த்துவிட்டீர்களா, அப்பா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். கூடு காலியாக இருந்தது. ஜன்னல் கம்பியில் சணல் அப்படியே இருந்தது. அந்தக் கொண்டைக்குருவிகள் அன்று மாலை வரையில் வாயில் புழுவுடன் வந்து வந்து பார்த்துவிட்டுப் போயின.

செம்போத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மற்றப் பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதன் ஆகாரத்தில் சேர்ந்தவை. காலி மனையில் அதற்கும் குஞ்சுகள் இருந்திருக்கலாம். இலை மறைவு இருந்தபோது பக்கத்து மனையிலேயே வசித்தும் பதினைந்து நாளாக அது கூட்டைக் காணவில்லை. இலையை விலக்கியவன் நான். பெற்றோர் கத்திய கத்தல், இங்கே பார் என்று அதற்கு விலாசம் சொல்லியிருக்கும். இந்நாளில் பறவைப் படப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படங்களை ஏற்றுக்கொள்வதே இல்லை. அந்த விதி எனக்கு முன்பே தெரியும். நான் போட்டிக்கு அனுப்பவில்லையே என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டொன்பது மாதம் காமிரா பீரோவுக்குள் கிடந்தது. வெறுங்கையோடு நடந்தேன். அதை வெளியே எடுக்கச் செய்தது பொங்கல் சமயத்துப் பறவைக் கணக்கெடுப்பு. 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலின்போதும் இது நடந்துவருகிறது. எவரும் தம் வாசலிலோ வயலிலோ கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதி அனுப்பலாம். பெண்ணின் வற்புறுத்தலுக்காக நானும் நின்றேன். இப்படிச் சாதாரண ஜனங்கள் அனுப்பிய குறிப்புகள் எங்கே போகின்றன என்று அப்போதுதான் கவனித்தேன். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, முப்பதாயிரம் பேர் அனுப்பிய ஏறக்குறைய மூன்று கோடிக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டது. 942 வகைப் பறவைகளை அதில் ஆராய்ந்து, 178 வகைகளைப் பற்றி உடனே கவலைப்பட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குமாஸ்தாவும் உபாத்தியாயரும் பள்ளிக்கூடத்துக் குழந்தையும் தேதி போட்டு எழுதிய வரிகள் அவை.

அந்த அறிக்கை வந்த வருஷத்திலேயே காலி மனைக்குப் பொக்லைன் இயந்திரம் வந்தது. ஒரே காலைப் பொழுதில் எருக்கு, முட்புதர், பருப்புக்கீரை எல்லாம் போயின. மனை அவருடையது, வீடு கட்டிக்கொள்கிறார். யார் என்ன சொல்ல முடியும்? இப்போது அங்கே நான்கு அடுக்கு நிற்கிறது. 'ஊப், ஊப்' என்ற குரல் எங்கள் வீதியில் கேட்பதில்லை. சென்ற மாதம் அந்த அடுக்கில் குடிவந்த ஒருவரிடம் இங்கே செம்போத்து இருந்தது என்றேன். அவர் புன்சிரிப்புடன், "டவுனுக்குள் ஏது சார் அதெல்லாம்?" என்றார்.

இருந்ததற்குச் சாட்சி, தேதியும் இடமும் பொறித்த என் படங்கள்தாம். பதினேழு வால் படங்கள். மதிலின்மேல் எடுத்த எட்டு. கணக்கில் சேர்ப்பதற்காக எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன், அந்த எட்டையுங்கூட. கணக்கு வேறு, காட்சி வேறு. பத்திரிகையில் போட்டு, "அடடா, என்ன நிறம், என்ன தெளிவு!" என்று நேயர்கள் மெச்ச, அதை நான் கேட்டுக்கொண்டிருப்பதற்கு மட்டும் மனம் வரவில்லை.

இந்த வருஷம் செம்பருத்திக்குப் பக்கத்தில் தானாக முளைத்த பாதாங்கன்றில் ஒரு தையல் சிட்டு வந்து சேர்ந்தது. கட்டைவிரலளவு பறவை. பெரிய இலை ஒன்றின் இரு ஓரங்களையும் மடக்கி, அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து இழுத்துத் தைத்துவிட்டது. உள்ளே பஞ்சு மெத்தை. வெளியிலிருந்து பார்த்தால் சற்றுச் சுருண்ட இலை, அவ்வளவே.

இப்போது பதினாறு வயதாகும் என் பெண், செடியைச் சுற்றி ஐந்தடி தூரத்தில் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். யாரும் அதைத் தாண்டக் கூடாது; முக்கியமாக நான். சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியும் நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரத்தில் பெற்றோர் இரை கொண்டு வந்தது பதினான்கு தடவை என்று எழுதியிருக்கிறாள். அவள் அனுமதித்த அந்த ஜன்னலிலிருந்து நானும் ஒரு படம் எடுத்தேன்.

ஆசிரியருக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். படத்தில் பறவை இல்லை, குஞ்சு இல்லை. ஒரு பாதாம் இலை இருக்கிறது. இலையின் ஓரத்தில் ஆறு தையல்கள். அச்சில் அவை தெரியுமோ தெரியாதோ, சொல்வதற்கில்லை.